வாள் வார்த்தவர், கேடயத்துக்கு வழி வகுத்தவர்!

தோழர்களே!

கோட்டைக்குள்ளே பகைவன் புகுந்துவிட்டான். கொடியோடு வரவில்லை, கொம்பு ஊதி வரவில்லை. குடிமக்களோடு குடிமகனாகக் கலந்து நிற்கிறான். அவன் மீது பீரங்கியைத் திருப்பினால் பகைவனும் மடிவான், பக்கத்தில் நிற்கும் பச்சைக் குழந்தையும் மடியும். திருப்பாமல் விட்டாலோ, கோட்டையே பறிபோகும். என்ன செய்வான் தளபதி?

கற்பனைக் கதையல்ல இது. புற்றுநோய் கண்டவரின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு அன்றாடம் நேரும் சங்கடம். கீமோ என்று நம் ஊர்களிலே சொல்கிறோமே, அந்த மருந்து நஞ்சுதான். வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடிக் கொல்லும் நஞ்சு. புற்று அணு வேகமாகப் பெருகுகிறது, மெய்தான். ஆனால் வாயின் உட்தோலும், குடலின் உட்சுவரும், எலும்புக்குள்ளே இரத்தம் பிறக்கும் மச்சையும் வேகமாகத்தானே பெருகுகின்றன! ஆகவே வாய் புண்ணாகிறது, வயிறு புரட்டுகிறது, இரத்தம் வற்றுகிறது. பகைவனைத் தேடிப் போன குண்டு பாலகனையும் பதம் பார்க்கிறது!

இந்தச் சங்கடத்துக்கு விடை ஒன்று கீரைக் கட்டுக்குள்ளே கிடந்தது. நம்புவதற்கு அரிதாக இருக்கிறதல்லவா? நம்ப வேண்டாம், கேளுங்கள், எண்ணிப் பாருங்கள். அந்த விடைக்கு வழி வகுத்த ஒரு மனிதரின் கதையை இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ். சென்னையிலே படித்தவர். சென்னை வேண்டாம் என்று ஒதுக்கியவர். உலகம் முழுவதும் அவர் கைபட்ட மருந்தை உட்கொள்கிறது; அவர் பெயரை உச்சரிப்போரோ மிகச் சிலர்!

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்திலே பிறந்தான் சுப்பாராவ். தெலுங்கு பேசும் குடும்பம். தந்தை சிறு உத்தியோகஸ்தர். வீட்டிலே பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைய. பதின்மூன்று வயதிலே பையன் வீட்டை விட்டு ஓடினான். காசிக்குப் போவதாம், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்பதாம், பணம் குவிப்பதாம்! பாதி வழியிலே பிடித்து, பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பினார் தாய்.

படிப்பிலாவது புலியா? அதுவும் இல்லை. மெட்ரிகுலேஷன் தேர்விலே ஒரு முறை தோற்றான், மறு முறையும் தோற்றான். மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலே படித்துத்தான் தேறினான். தோல்வி என்றவுடன் தொங்கிப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், தோழர்களே. உலகத்தையே உலுக்கிய விஞ்ஞானி, பள்ளியிறுதித் தேர்விலே இரண்டு முறை தவறியவர்!

மாநிலக் கல்லூரி முடித்தான். துறவியாகிவிடலாம் என்ற எண்ணமும் வந்தது, தாய் தடுத்தார். 1915ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தான். படிப்புக்குப் பணம் தந்து தாங்கியவர் பின்னாளில் மாமனாராக வந்தவர். அவர் மகள் சேஷகிரியை 1919ஆம் ஆண்டு மணந்தான்.

அந்த நாட்களிலே குடும்பத்திலே இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்றொரு நோய். உண்டது உடம்பில் ஒட்டாது. வயிறு ஓயாமல் போகும், நாக்கு புண்ணாகும், இரத்தம் வெளுக்கும், உடல் எலும்புக்கூடாகும். அந்த நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தான் சுப்பாராவ். மருத்துவம் படிக்கும் தம்பியால் அண்ணனைக் காக்க முடியவில்லை. ஏன்? அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்தே தெரியாது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வருவேன்.

கல்லூரியிலே மற்றொரு சோதனை. அன்னியத் துணியை விலக்குவோம் என்ற முழக்கம் நாட்டிலே எழுந்த காலம். அறுவை மருத்துவ வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனான் சுப்பாராவ். ஆங்கிலேயப் பேராசிரியரின் முகம் சிவந்தது. எழுத்துத் தேர்விலே நன்றாகத் தேறியும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்ற தாழ்ந்த பட்டம்தான் கிடைத்தது. மாகாண மருத்துவப் பணிக்கு மனுப் போட்டான், அதுவும் கிடைக்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் வேலைதான் அகப்பட்டது. திறமைக்கு அல்ல, தோளிலே கிடந்த துணிக்கு மார்க் போட்டது அன்றைய ஆட்சி!

மாமனார் உதவினார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவியது. 1922ஆம் ஆண்டு அக்டோபரிலே அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே போய் இறங்கினார் சுப்பாராவ். ஊரிலே இளம் மனைவி. கைக்குழந்தையாக இருந்த மகன் இறந்த செய்தி கடல் கடந்துதான் வந்தது. சில ஆண்டுகளிலே திரும்பிவிடலாம் என்று போனவர் திரும்பவே இல்லை. அந்த அம்மையார் கணவரை மறுபடியும் காணவே இல்லை. விஞ்ஞானத்தின் வெற்றிக் கணக்கை எழுதுவோர், இந்தக் கண்ணீர்க் கணக்கையும் ஓர் ஓரத்திலே எழுதட்டும்!

ஹார்வர்டு பல்கலைக் கழகம். பெரிய இடம், ஆனால் நம்மவர் கையிலே காசில்லை. அமெரிக்காவிலே மருத்துவம் பார்க்கும் உரிமையும் இல்லை. என்ன செய்தார்? பகலிலே பாடம், இரவிலே பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையிலே கடைநிலை ஊழியம். நோயாளிகளின் மலசலக் கலங்களைச் சுமந்தார், கழுவினார். மருத்துவப் பட்டம் பெற்ற கை! இழிவு என்று எண்ணவில்லை அவர். உழைப்பிலே இழிவேது? ஆலையிலும் துறைமுகத்திலும் இரவு ஷிப்ட் பார்க்கும் தோழர்களே, அவரும் உங்கள் வரிசைக்காரர்தான்!

அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையை 1925ஆம் ஆண்டு இருவரும் வெளியிட்டார்கள். இன்றும் மாணவர் படிக்கும் முறை அது. அந்த அளவுகோலைக் கையிலே எடுத்துக்கொண்டு தசைக்குள்ளே புகுந்தார்கள். 1927ஆம் ஆண்டு பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929ஆம் ஆண்டு ஏ.டி.பி. என்ற பொருளைத் தசையிலிருந்து பிரித்தார்கள்; அதே ஆண்டிலே ஜெர்மனியின் கார்ல் லோமான் தனியாக அதைக் கண்டார். என்ன பொருள் அது? மூட்டை தூக்கும் தோளுக்கும், முறுக்கும் கைக்கும், மிதிக்கும் காலுக்கும் உடல் கொடுக்கும் கூலி அது! ஒவ்வொரு அசைவுக்கும் ஏ.டி.பி. செலவாகிறது, மூச்சும் சோறும் அதை மீண்டும் நிரப்புகின்றன. உழைப்பின் இரகசியத்தைத் தேடிக் கண்டவரிலே ஒருவர், இரவெல்லாம் உழைத்த ஒரு மனிதர்!

1930ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வர்டிலே நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கேதான் இலையின் கதை அவர் கைக்கு வருகிறது.

அந்தக் கதையின் முதல் அத்தியாயம் எங்கே எழுதப்பட்டது தெரியுமா? அமெரிக்காவிலே அல்ல, இந்த நாட்டிலே! லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928ஆம் ஆண்டு பம்பாய் வந்தார். பஞ்சாலைகளிலே பாடுபட்ட ஏழைப் பெண்கள், வயிற்றிலே பிள்ளையோடு இரத்தம் வெளுத்துச் சாவதைக் கண்டார். கிருமியா? இல்லை. விதியா? இல்லவே இல்லை. வயிறு நிறையச் சத்துள்ள சோறில்லை! குன்னூரிலும், 1931ஆம் ஆண்டு சென்னையிலும் கூட ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தார். வெளுத்த முகம் சிவந்தது. அந்தச் சாற்றிலே இருந்த சத்து எது என்று அன்று தெரியவில்லை. 1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக் கழகத்திலே நான்கு டன் பாலக்கீரையை அரைத்து வடித்துச் சத்தொன்றைச் சிறு துளியாகச் சேர்த்தார்கள். இலை என்பதற்கு லத்தீன் மொழியிலே ஃபோலியம் என்று பெயர். ஆகவே ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் தேடிய சத்து அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் என்பது பிறகு தெளிந்தது.

நான்கு டன் கீரைக்குச் சில துளி என்றால் ஏழைக்கு எட்டுமா? எட்டாது. 1945ஆம் ஆண்டு சுப்பாராவின் தலைமையிலே இயங்கிய குழு, கீரையே இல்லாமல் அந்தச் சத்தை ஆய்வுக்கூடத்திலே கட்டி எழுப்பியது. நான் முன்னே நினைவில் வைக்கச் சொன்னேனே, ஸ்ப்ரூ நோய்? ஃபோலிக் அமிலம் அந்த நோயாளிகளைத் தேற்றியது! உடன்பிறந்தாரைக் கொன்ற நோயை வெல்லும் மருந்து, கால் நூற்றாண்டுக்குப் பிறகு தம்பியின் கூடத்திலே பிறந்தது. அண்ணனுக்கு உதவவில்லை, ஆயிரமாயிரம் அண்ணன் தம்பிகளுக்கு உதவியது!

இனிதான் கதை திரும்புகிறது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையிலே சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் வாரக் கணக்கிலே மடிவதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர். இலைச்சத்து இரத்தத்தை வளர்க்கிறதே, இந்தக் குழந்தைகளுக்கும் கொடுத்தால் என்ன என்று எண்ணினார். நல்ல எண்ணந்தான். ஃபோலிக் அமில இனத்துப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நடந்ததென்ன? புற்று வேகம் கொண்டது! சத்து நல்லது, ஆனால் பகைவனுக்கும் அது சோறாகிவிட்டது!

தோழர்களே, இங்கேதான் மூடன் வேறு, அறிஞன் வேறு. மூடன் தவற்றை மறைப்பான். அல்லது விதி என்பான். அறிஞன் தவற்றையே விளக்காக்குவான். சத்து புற்றை வளர்க்கிறது என்றால், சத்தைத் தடுத்தால் புற்று பட்டினி கிடக்குமே! தடுப்பது எப்படி? விடை சுப்பாராவின் கூடத்திலே தயாராக இருந்தது: போலிச் சாவி!

பூட்டிலே சரியான சாவி நுழைந்தால் கதவு திறக்கும். அதைப் போலவே அச்சடித்த போலிச் சாவியை நுழைத்தால்? நுழையும், சிக்கும், திறக்காது. நல்ல சாவிக்கும் இடம் விடாது. ஃபோலிக் அமிலத்தின் உருவத்திலே ஓரிரு இடத்தை மட்டும் மாற்றி, அமினோப்டரின் என்ற போலிச் சாவியைச் செய்தார்கள். அடுத்து, மெத்தோட்ரெக்சேட் என்று பின்னாளில் பெயர் பெற்ற அதன் தம்பியையும் செய்தார்கள். அணுவுக்குள்ளே ஃபோலிக் அமிலத்தை உழைக்கும் உருவுக்கு மாற்றும் நொதி ஒன்று உண்டு. அதுதான் பூட்டு. போலிச் சாவி அதிலே சிக்கிக்கொள்ளும்; அணு தன் மரபுச் சரடாகிய டி.என்.ஏ.வைப் படியெடுக்க முடியாமல் தவிக்கும். பெருக முடியாமல் மடியும்.

1947ஆம் ஆண்டு டிசம்பரிலே ஃபார்பர் அமினோப்டரினைக் கொடுக்கத் தொடங்கினார். 1948ஆம் ஆண்டு ஜூனிலே வெளியிட்டார். 16 குழந்தைகளிலே 10 குழந்தைகள் தேறினார்கள். படுத்த பிள்ளை எழுந்து நடந்தது! நிலைத்த வெற்றியல்ல; சில மாதங்களிலே நோய் திரும்பியது. ஆனால் அசைக்க முடியாது என்று கருதிய அரக்கன் முதன்முறையாக அசைந்தான். இரண்டே மாதம் கழித்து, 1948ஆம் ஆண்டு ஆகஸ்டிலே, உறக்கத்திலேயே உயிர் நீத்தார் சுப்பாராவ். வயது 53. தான் நட்ட மரம் நிழல் தருவதைக் காணாமலே போய்விட்டார்.

வாள் கிடைத்துவிட்டது, வாளுக்கு விவேகம் உண்டா? மெத்தோட்ரெக்சேட் நல்ல அணுவின் பூட்டிலும் சிக்கியது. வாய் வெந்தது, குடல் புண்ணானது, அளவைக் கூட்டினால் ஆளையே வீழ்த்தியது. அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள்ளே, அவர் துலக்கிய அதே இலைச்சத்தின் குடும்பத்திலிருந்து கேடயம் வந்தது. ஃபோலினிக் அமிலம் என்றும் லூக்கோவோரின் என்றும் அதற்குப் பெயர். அது பூட்டைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாத சத்து. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அழாது. கொல்லைப்புற வழியாக உள்ளே போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடும். பூட்டிலே போலிச் சாவி சிக்கியிருந்தாலும் நல்ல அணு பிழைத்துக்கொள்ளும்!

அப்படியானால் புற்று அணுவும் பிழைத்துக்கொள்ளாதா? கேளுங்கள் இந்தக் கேள்வியை! விடை: பிழைத்துக்கொள்ளும், முந்திக் கொடுத்தால். ஆகவேதான் மருத்துவர் கையிலே கடிகாரம். முதலில் மெத்தோட்ரெக்சேட் பெரிய அளவிலே இறங்கும். புற்று அணு அடிபட நேரம் விட வேண்டும். பொதுவாக 24 மணி நேரம் ஆனதும் கேடயம் இறங்கத் தொடங்கும். ஆறு மணிக்கொரு முறை, இரத்தத்திலே நஞ்சு எவ்வளவு மிச்சம் என்று அளந்து அளந்து, அது வடியும் வரை கொடுப்பார்கள். முந்தினால் பகைவனும் பிழைப்பான். மிகப் பிந்தினால் நல்லவனும் மீளமாட்டான். 1970களிலே பாஸ்டன் மருத்துவர்கள் இந்த முறையாலே, எலும்புப் புற்று கண்ட இளைஞர்களுக்கு அதுவரை எண்ணவும் அஞ்சிய அளவிலே மருந்து கொடுத்தார்கள். கேடயம் இருந்ததாலே வாளை ஓங்க முடிந்தது! இன்று உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துப் பட்டியலிலே வாளும் இருக்கிறது, கேடயமும் இருக்கிறது.

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்? பொழுது போக்கவா? இல்லை.

புற்றுநோய் மருத்துவமனை வாசலிலே நின்று பாருங்கள். இந்த இலையை அரைத்துக் கொடு, கீமோவின் சூடு தணியும் என்பார் ஒருவர். அந்தப் பொடியைக் கொடு, டாக்டரிடம் சொல்லாதே என்பார் மற்றொருவர். அன்பினாலே சொல்வோரும் உண்டு. ஐந்நூறும் ஆயிரமும் பறிக்கச் சொல்வோரும் உண்டு. செடியிலே மருந்தே இல்லையா? இருக்கிறது! நான் சொன்ன கதையே இலையின் கதைதானே! ஆனால் சுப்பாராவின் வாழ்க்கை சொல்லும் பாடம் வேறு: இலையை நம்பாதே, இலையை அளந்து பார்.

அளப்போமா? 100 கிராம் பாலக்கீரையிலே ஃபோலேட் சத்து ஏறக்குறைய 200 மைக்ரோகிராம். கேடய மருந்தோ, ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான ஓர் அளவு. கணக்குப் போடுங்கள்: அந்த ஒரு வேளைக்கு ஏழரைக் கிலோ கீரை! ஆறு மணிக்கொரு முறை ஏழரைக் கிலோ! தின்ன முடியுமா? கீரை சோற்றோடு உண்ண நல்லது. கேடயமாகத் தூக்க முடியாது.

இன்னொன்று கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட்டுக்குக் கேடயமான அதே ஃபோலினிக் அமிலம், ஃப்ளூரோயுராசில் என்ற வேறொரு கீமோ மருந்தோடு சேர்ந்தால் கேடயமல்ல, சாணைக்கல்! அந்த வாளை மேலும் கூராக்கும்; குடல் புற்றுக்கு மருத்துவர்கள் வேண்டுமென்றே அப்படிச் சேர்க்கிறார்கள். அளவறியாமல் சேர்த்தால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் உயிருக்கே உலை வைக்கும். ஒரே பொருள், ஓரிடத்தில் காவலன், மற்றோரிடத்தில் கொலைவாளுக்குத் துணைவன். டாக்டரிடம் சொல்லாதே என்று காதோடு சொன்ன உறவினருக்கு இது தெரியுமா?

மூட்டுவாதம் கண்ட நம் தோழர்கள் சிலர் இதே மெத்தோட்ரெக்சேட்டைச் சிறு அளவிலே விழுங்குகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான்! நாள்தோறும் என்று தவறாக விழுங்கி உயிரிழந்தோர் உண்டு. அதன் தொல்லை குறைய ஃபோலிக் அமில மாத்திரையும் மருத்துவர் எழுதித் தருவார். அது எந்த நாள், இது எந்த நாள் என்று கேட்டுச் சீட்டிலே எழுதி வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கேள்வி கேட்டவனால்தான் உலகம் நகர்ந்திருக்கிறது.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்காவிலே வாழ்ந்தும் அந்நாட்டுக் குடிமகனாகவில்லை. பிறந்த நாடு 1995ஆம் ஆண்டு, நூற்றாண்டு நிறைவிலே, தபால்தலை ஒன்று வெளியிட்டது. பூஞ்சைக் காளான் இனமொன்றுக்கு அவர் பெயரிட்டார்கள். நம் ஊர்களிலே யானைக்கால் நோயை ஒழிக்க வீடு வீடாகக் கொடுத்தார்களே ஒரு மாத்திரை, அதுவும் 1947ஆம் ஆண்டு அவருடைய குழு தந்த மருந்துதான். விழுங்கியவர் கோடி, பெயர் அறிந்தவர் எத்தனை பேர்?

ஆகவே, தோழர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் கீமோ ஏற்றிக்கொள்ளப் போகும்போது கூடப் போங்கள். அவர் உட்கொள்ளும் இலை, பொடி, கஷாயம் எல்லாவற்றையும் ஒரு தாளிலே எழுதி மருத்துவர் மேசை மீது வையுங்கள். ஒளிக்காதீர்கள். வாய் புண்ணானால், காய்ச்சல் கண்டால், நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே ஓடுங்கள். கேடயம் உண்டு, ஆனால் நேரம் தவறினால் கேடயமும் கைவிடும்.

காசியிலே வாழைப்பழம் விற்கக் கிளம்பிய பையன் இலைக்குள் இருந்ததை அளந்தான். அளந்ததாலேதான் வாளும் வந்தது, கேடயமும் வந்தது. நாமும் அளப்போம்!